கன்சீல்டு கேரிக்கு எந்த கேலிபர் எடுக்கறது? அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு முழு வழிகாட்டி

அமெரிக்காவுல சட்டப்படி இடுப்புல கைத்துப்பாக்கி வச்சுக்கலாம்னு முடிவு பண்ணவங்க எல்லாரும் முதல்ல வந்து நிக்கிற இடம் கேலிபர், அதாவது குண்டோட அளவு தான். 9 எம்எம்மா, .45ஆ, .380 போதுமா, ரிவால்வர்னா .38ஆ .357ஆ. கடைக்காரர் ஒண்ணு சொல்வாரு, ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ஆள் வேற ஒண்ணு சொல்வாரு, வீடியோவுல ஆளுக்கு ஒரு விதமா, உடம்புச் சதைக்கு பதிலா வைக்கற ஜெல்லி மேல சுட்டு காட்டுவாங்க, கடைசியில குழம்பிப்போய் யாரோ சொன்னத வாங்கிட்டு ரெண்டு மாசத்துல அத லாக்கர்ல போட்டுட்டு மறந்துடுவாங்க. என்னோட கருத்த முதல்லயே சொல்லிடறேன், கேலிபர முடிவு பண்ண வேண்டியது உங்க கை. உங்களால வேகமா, திரும்பத் திரும்ப, நினைச்ச இடத்துல சுட முடியற கேலிபர்ல பெருசு எதுவோ அத எடுங்க, நிறைய பேருக்கு அது 9 எம்எம்மா தான் இருக்கும், சிலருக்கு .380 இல்லனா .38 ஸ்பெஷலா இருக்கும், அதுல தப்பே இல்ல. ஏன்னு படிப்படியா சொல்றேன்.

முதல் படி: உங்க விசாவும் உங்க மாநிலமும்

இத தாண்டாம கடைப்பக்கமே போகாதீங்க. எச்1பி, எச்4, எல்1, எஃப்1, பி2 எல்லாம் நான்-இமிகிரன்ட் விசா. ஃபெடரல் சட்டப்படி நான்-இமிகிரன்ட் விசாவுல வந்தவங்க துப்பாக்கியும் வச்சிருக்கக்கூடாது, தோட்டாவும் வச்சிருக்கக்கூடாது. விதிவிலக்கு கொஞ்சம் இருக்கு, அதுல நிறைய பேர் பேசறது ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலத்தோட செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ். ஆனா அத மட்டும் நம்பி இறங்கறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட பேசிடுங்க, ஏன்னா இதுல தப்பு நடந்தா அது கிரிமினல் கேஸ், இமிகிரேஷனும் சேர்ந்து போயிடும். ரேஞ்ச்ல (சுட்டுப் பழகற இடத்துல) வாடகைக்கு எடுத்து நாலு குண்டு சுடறதும் வச்சிருக்கறதுல தான் சேரும், அதனால ஊர்லருந்து லீவுக்கு வந்த அப்பா அம்மாவ, மச்சானை ஆசைக்கு ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போய் கையில குடுக்காதீங்க. கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் இருக்கறவங்களுக்கு இந்தத் தடை கிடையாது. கடையில வாங்கும்போது 4473னு ஒரு ஃபாரம் தருவாங்க, அதுல இமிகிரேஷன் நிலை உட்பட எல்லாத்தையும் கேப்பாங்க, உண்மைய மட்டும் எழுதுங்க, பொய் எழுதினா அதுவே தனி குற்றம்.

அடுத்தது மாநிலம். டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்லருந்து 21 வயசு தாண்டின, வேற தடை இல்லாத ஆளுங்க லைசென்ஸ் இல்லாமலே கேரி பண்ணலாம், ஆனா லைசென்ஸ் எடுத்து வச்சா வேற மாநிலத்துக்கு வண்டி ஓட்டிட்டு போகும்போது உதவும், அதனால நான் எடுக்கவே சொல்வேன். நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியாவுல எல்லாம் 2022 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் குடுத்த புரூயன் தீர்ப்புக்கு அப்பறம் தான் சாதாரண ஆளுங்களுக்கு பெர்மிட் பரவலா கிடைக்க ஆரம்பிச்சது, ஆனா ட்ரெய்னிங், எங்கெல்லாம் கொண்டு போகக்கூடாதுங்கற லிஸ்ட் எல்லாம் கறாரா இருக்கும். கேலிபர் விஷயத்துலயும் மாநிலம் தலையிடும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சியில மேகசின்ல (தோட்டா அடுக்கி துப்பாக்கிக்குள்ள சொருகற பெட்டியில) 10 குண்டுக்கு மேல கூடாது, அதனால "9 எம்எம்ல 15 குண்டு பிடிக்குமே"ங்கற வாதம் அங்க எடுபடாது. எடிசன் பக்கம் இருக்கறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும், நியூஜெர்சியில ஹாலோ பாயிண்ட் தோட்டாவ (முனையில குழி இருக்கும், உள்ள போனதும் குண்டு விரியும்) வீட்டுல வச்சுக்கலாம், ரேஞ்சுக்கு கொண்டு போகலாம், ஆனா வெளிய கேரி பண்றதுக்கு கட்டுப்பாடு இருக்கு. அங்க எந்த தோட்டாவுக்கு அனுமதின்னு வாங்கற அன்னைக்கு மாநில போலீஸ் வெப்சைட்ல பாத்துட்டு வாங்குங்க.

இதோட சேர்த்து இன்னொண்ணு சொல்லிடறேன், நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப முக்கியம். ரேஞ்சுக்கு கொண்டு போற பையும் ஊருக்கு கொண்டு போற பையும் ஒண்ணா இருக்கவே கூடாது. பை மூலையில மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை ஏர்போர்ட் ஸ்கேனர்ல தெரிஞ்சாலும் ஆர்ம்ஸ் ஆக்ட்ல கேஸ் ஆயிடும், ஃப்ளைட்டும் போச்சு நிம்மதியும் போச்சு. ஊர்ல 9 எம்எம் சாதாரண மக்களுக்கு தடை செய்யப்பட்ட போர், லைசென்ஸ் வாங்கினவங்க கூட .32 மாதிரி தான் வச்சிருப்பாங்க, அதனால அங்க போய் இது சின்ன விஷயம்னு பேச முடியாது.

ரெண்டாவது படி: அந்த நம்பர் என்ன சொல்லுது

புள்ளிக்கு அப்பறம் வர்ற நம்பர் குண்டோட அகலம், இன்ச் கணக்குல. ஆனா பேர நம்பி ஏமாந்துடாதீங்க. .38 ஸ்பெஷல் குண்டோட நிஜ அகலம் .357 இன்ச், அதனால தான் .357 மேக்னம் ரிவால்வர்ல .38 ஸ்பெஷல் போட்டு சுடலாம், திருப்பி .38 ரிவால்வர்ல .357 போடக்கூடாது. 9 எம்எம்மும் .380 ஏசிபியும் ரெண்டுமே .355 இன்ச் தான். .45 வந்து .451 இன்ச். அதாவது "சின்ன" 9 எம்எம்முக்கும் "பெரிய" .45க்கும் நடுவுல கிட்டத்தட்ட ரெண்டரை மில்லிமீட்டர் தான் வித்தியாசம், இவ்வளவு சண்டையும் அதுக்கு தான்.

அகலம் ஒண்ணா இருக்கும்போது வித்தியாசம் எங்க வருதுன்னா, கேஸோட, அதாவது குண்டையும் வெடிமருந்தையும் பிடிச்சிருக்கற கூட்டோட நீளத்துலயும் உள்ள உருவாகற பிரஷர்லயும். 9 எம்எம் கேஸ் 19 மில்லிமீட்டர், சதுர இன்ச்சுக்கு 35,000 பவுண்டு வரைக்கும் பிரஷர் தாங்கும். .380 கேஸ் 17 மில்லிமீட்டர், 21,500 தான். .38 ஸ்பெஷல் கேஸ் பாக்க ரொம்ப நீளமா இருக்கும், ஆனா அது 1898ல பழைய கருப்பு வெடிமருந்து காலத்துல உருவானது, அதனால பிரஷர் வெறும் 17,000.

கடையில பேர் குழப்பமும் உண்டு, இத மனப்பாடமே பண்ணிக்கங்க. 9 எம்எம் லூகர், 9 பாரபெல்லம், 9×19 மூணும் ஒண்ணு. 9 எம்எம் குர்ஸ், 9 எம்எம் ஷார்ட்னு போட்டிருந்தா அது .380. 9 எம்எம் மக்கரோவ் முழுசா வேற தோட்டா. மேல சொன்ன மாத்துப் பேரும், .357 ரிவால்வர்ல .38 போடறதும் தவிர, துப்பாக்கியோட பேரல்ல (குழல்ல) என்ன எழுதியிருக்கோ அதே தான் தோட்டாவோட அடிப்பக்க வட்டத்துலயும் எழுதியிருக்கணும், "கிட்டத்தட்ட அதே தான்"ங்கற பேச்சே இங்க கிடையாது.

மூணாவது படி: ஜெல்லி டெஸ்ட்டும் எஃப்பிஐ கதையும்

இந்தக் கதை தெரியாம கேலிபர் சண்டைய புரிஞ்சுக்கவே முடியாது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

1986 ஏப்ரல் 11, மயாமி. ரெண்டு வங்கிக் கொள்ளைக்காரங்கள எட்டு எஃப்பிஐ ஏஜென்ட்டுங்க மடக்கறாங்க. அதுல ஒருத்தன், மைக்கேல் பிளாட், சண்டை ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ஒரு 9 எம்எம் ஹாலோ பாயிண்ட் குண்டு வாங்கிட்டான், அது கை வழியா நெஞ்சுக்குள்ள போய் இதயத்துக்கு ஒரு இன்ச் தூரத்துல நின்னுடுச்சு. அந்தக் காயத்தோடயே அவன் தொடர்ந்து சுட்டான், ஜெரி டவ், பென் குரோகன்னு ரெண்டு ஏஜென்ட் இறந்துட்டாங்க, அஞ்சு பேருக்கு காயம். பிளான், பொசிஷன், எதிராளிகிட்ட ரைஃபிள் இருந்ததுன்னு காரணம் நிறைய இருந்தாலும், குண்டு போதுமான ஆழத்துக்கு போகலங்கறது எஃப்பிஐய ரொம்ப உலுக்கிடுச்சு.

அதுக்கப்பறம் டாக்டர்கள், பேலிஸ்டிக்ஸ் ஆளுங்கள கூப்பிட்டு உக்காந்து பேசினாங்க. அதுல வந்த முடிவு இன்னைக்கு வரைக்கும் நிக்குது. கைத்துப்பாக்கி குண்டு ஆளை தூக்கி எறியாது, அதெல்லாம் சினிமா. ரைஃபிள் மாதிரி சுத்தியுள்ள இடத்தையெல்லாம் அது சிதைக்கறதும் இல்ல, எந்த வழியா போகுதோ அந்த வழிய மட்டும் தான் சேதப்படுத்தும். அதனால முக்கியம் ரெண்டு, சரியான இடத்துல படணும், போதுமான ஆழம் போகணும். ஆழத்துக்கு அவங்க வச்ச அளவு 10 சதவீத பேலிஸ்டிக் ஜெலட்டின்ல 12 இன்ச்சுக்கு குறையக்கூடாது, 18 இன்ச்ச தாண்டக்கூடாது. 18 தாண்டினா ஆளைத் தாண்டி பின்னாடி நிக்கிற அப்பாவி மேல பட்டுடும்ங்கற பயம் வருது. வெறும் ஜெலட்டின் மட்டும் இல்லாம கனமான துணி, சுவர் போர்டு, பிளைவுட், தகரம், கார் கண்ணாடின்னு முன்னாடி வச்சும் சுட்டுப் பாப்பாங்க. கேரி பண்ற சாதாரண ஆளுக்கு இதுல முக்கியமானது துணி டெஸ்ட், கார் கண்ணாடி எல்லாம் போலீஸ் கவலை.

அப்பறம் எஃப்பிஐ 10 எம்எம்முக்கு போச்சு. ரீகாயில், அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னாடி தள்ளற அடி தாங்காம நிறைய ஏஜென்ட்டுங்க கஷ்டப்பட்டாங்க, அதனால மருந்த குறைச்சு சுட்டாங்க, அவ்வளவு மருந்துக்கு எதுக்கு இவ்வளவு நீள கேஸ்னு ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து கேஸ குட்டையாக்கி 1990ல கொண்டு வந்தது தான் .40 எஸ் அண்ட் டபிள்யூ. அமெரிக்க போலீஸ்ல பெரும்பாலானவங்க அதுக்கு மாறினாங்க. அதுக்கப்பறம் இருபது வருஷத்துல ஹாலோ பாயிண்ட் தொழில்நுட்பம் ரொம்ப முன்னேறிடுச்சு, நல்ல 9 எம்எம் குண்டும் நல்ல .40, .45 குண்டும் ஜெலட்டின்ல பக்கத்து பக்கத்துல தான் வந்து நிக்குது. 2014ல எஃப்பிஐ ட்ரெய்னிங் டிவிஷன் இதையெல்லாம் பாத்துட்டு, பெரிய கேலிபரால கிடைக்கற லாபம் கொஞ்சம் தான், ஆனா பெரும்பாலான ஏஜென்ட்டுங்க 9 எம்எம்ல வேகமாவும் துல்லியமாவும் சுடறாங்கன்னு சொல்லி திரும்ப 9 எம்எம்முக்கே வந்துட்டாங்க. சம்பளம் குடுத்து, ட்ரெய்னிங் குடுத்து வச்சிருக்கற ஏஜென்ட்டுங்களுக்கே பெரிய கேலிபர்ல வேகம் குறையுதுன்னா, மாசம் ஒரு தடவ ரேஞ்சுக்கு போற நம்மள பத்தி யோசிச்சுப் பாருங்க.

நாலாவது படி: ஒவ்வொரு கேலிபரும் யாருக்கு

9 எம்எம். இத தாண்டி போகறதுக்கு உங்ககிட்ட ஒரு காரணம் இருக்கணும், இல்லன்னா இங்கயே நின்னுடுங்க. 1902 வாக்குல ஜெர்மனியில ஜார்ஜ் லூகர் உருவாக்கினது, இன்னைக்கு அமெரிக்க ராணுவம், எஃப்பிஐ எல்லாம் இது தான். தோட்டா எங்கயும் கிடைக்கும், பயிற்சி தோட்டா விலையும் மத்ததோட பாத்தா கம்மி. சின்ன துப்பாக்கிலயும் நிறைய பிடிக்கும், 2018ல வந்த சிக் பி365 உள்ளங்கை அளவு தான், ஆனா 10 குண்டு பிடிக்கற மேகசின். கிளாக் 19 அத விட பெருசு, 15 பிடிக்கும், சுடறதுக்கு ரொம்ப சுகமா இருக்கும், ஆனா வெயில் காலத்துல மெல்லிசா டீ-ஷர்ட் போட்டா மறைக்க கொஞ்சம் மெனக்கெடணும்.

.380 ஏசிபி. ஜான் பிரவுனிங் உருவாக்கி 1908ல கோல்ட் கம்பெனி கொண்டு வந்தது. இத "பொம்பளைங்க கேலிபர்"னு ஒதுக்கறவங்க பேச்ச கேக்காதீங்க, எனக்கு அந்த மாதிரி பேச்சு கேட்டாலே கோவம் வரும். இதுல உண்மையான பிரச்சனை ஒண்ணு இருக்கு. பிரஷர் கம்மிங்கறதால குண்டு நல்லா விரிஞ்சா 12 இன்ச் போகாம நின்னுடும், 12 இன்ச் போகணும்னா விரியாம போகும், ரெண்டும் சேர்ந்து வர்ற தோட்டாவ தேடித்தான் எடுக்கணும். ஆனா மூட்டு வலி இருக்கறவங்க, மணிக்கட்டுல ஆபரேஷன் ஆனவங்க, கை பலம் குறைஞ்சவங்களுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈசெட் மாதிரி ஸ்லைடு (தோட்டாவ ஏத்த பின்னாடி இழுக்கற மேல் பகுதி) லேசா இழுபடற .380 பெரிய வரப்பிரசாதம்.

.38 ஸ்பெஷல். அஞ்சு குண்டு பிடிக்கற சின்ன ரிவால்வர்ல வர்றது. ஸ்லைடு இழுக்க வேண்டாம், பாக்கெட்டுக்குள்ள அழகா உக்காரும், மேகசின் கோளாறுன்னு ஒண்ணு கிடையாது. ஆனா நிறைய கடையில புதுசா வர்ற பெண்கள் கையில இத தான் முதல்ல எடுத்து குடுக்கறாங்க, அது நல்ல ஆலோசனை இல்லங்கறது என் கருத்து. ட்ரிக்கர் நீளம், 10 பவுண்டுக்கு மேல இழுக்கணும், சைட் (குறி பாக்கற முனை) ரொம்ப சின்னது, எடை கம்மி, அதனால நல்லா சுடறதுக்கு இது கஷ்டமான துப்பாக்கிகள்ல ஒண்ணு. ஏற்கனவே சுடத் தெரிஞ்சவங்களுக்கு பாக்கெட் துப்பாக்கியா ரொம்ப நல்லது. குட்டை பேரல் ரிவால்வர்ல 148 கிரெயின் (குண்டோட எடைய சொல்ற அளவு) வாட்கட்டர்னு தட்டை மூக்கு தோட்டா ஒண்ணு இருக்கு, விரியாது, ஆனா ரீகாயில் கம்மி, ஆழம் சரியா போகும், அனுபவஸ்தர்கள் பல பேர் அத தான் போட்டு வச்சிருப்பாங்க.

.357 மேக்னம் கனமான ரிவால்வர்ல அருமை, ஒரு பவுண்டு கூட இல்லாத குட்டி ரிவால்வர்ல சத்தமும் நெருப்பும் அடியும் தான் மிச்சம். .40 எஸ் அண்ட் டபிள்யூ நல்ல தோட்டா தான், போலீஸ் கழிச்சுவிட்ட துப்பாக்கி மலிவா கிடைக்கும், ரீகாயில் வெடுக்குனு இருக்கும், புதுசா ஆரம்பிக்கறவங்க எடுக்க காரணம் இல்ல. .45 ஏசிபி 1904 வாக்குல ஜான் பிரவுனிங் உருவாக்கினது, 1911ங்கற ராணுவ பிஸ்டலால பிரபலமானது, 230 கிரெயின் குண்டு, நொடிக்கு 850 அடி, அடி வெடுக்குனு இல்லாம தள்ளற மாதிரி வரும், பிடிச்சவங்களுக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா துப்பாக்கி பெருசு, குண்டு கம்மி, தோட்டா விலை அதிகம். 10 எம்எம் அலாஸ்கா, மான்டானா பக்கம் கரடி நடமாடற காட்டுல நடக்கறவங்களுக்கு வச்சுக்கலாம், டல்லாஸ்ல மளிகைக் கடைக்கு போக வேண்டாம். .22 எல்ஆர் ரிம்ஃபயர், அதாவது அடி விளிம்புல தட்டி வெடிக்கற தோட்டா, தட்டினா வெடிக்காம போற வாய்ப்பு மத்ததை விட அதிகம், கையால வேற எதையும் சுட முடியாதுங்கறவங்களுக்கு மட்டும், அதுவும் ரிவால்வர்ல இருந்தா நல்லது, வெடிக்கலன்னா திரும்ப ட்ரிக்கர் இழுத்தா அடுத்தது வரும்.

அஞ்சாவது படி: துப்பாக்கியோட எடைய பாருங்க

நிறைய பேர் இங்க தான் சறுக்கறாங்க. "சின்ன துப்பாக்கி, சின்ன அடி"னு நினைச்சுக்கறாங்க, நேர் எதிர். அதே தோட்டாவ பாதி எடை துப்பாக்கில சுட்டா கைக்கு வர்ற ரீகாயில் எனர்ஜி ரெண்டு மடங்கு, இது பள்ளிக்கூட ஃபிசிக்ஸ். ரூகர் எல்சிபி .380 பத்து அவுன்ஸ் கூட கிடையாது, கிளாக் 19 காலி மேகசினோட கிட்டத்தட்ட 24 அவுன்ஸ். அதனால எல்சிபில .380 சுடறது கிளாக் 19ல 9 எம்எம் சுடறத விட நிறைய பேருக்கு வலிக்கும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற சதை சிவந்துடும்.

துப்பாக்கியோட உள் அமைப்பும் கணக்குல வரும். .380லயே பழைய டைப், உதாரணத்துக்கு வால்தர் பிபிகே மாதிரி, ப்ளோபேக்னு சொல்வாங்க, பேரல் அசையாது, ஸ்லைடோட எடையும் ஸ்ப்ரிங்கும் மட்டும் தான் பிரஷர தாங்கணும், அதனால ஸ்ப்ரிங் கடினம், அடியும் சுருக்குனு இருக்கும். கிளாக் 42, சிக் பி365-380, ஷீல்டு ஈசெட் எல்லாம் லாக்டு ப்ரீச், சுடற நொடியில பேரலும் ஸ்லைடும் பூட்டிக்கிட்டு சேர்ந்து பின்னாடி போகும், அதே தோட்டா அங்க மெத்துனு வரும். அதனால யாராவது ".380 சுட்டேன், கை வலிச்சுது, 9 எம்எம் எப்படி தாங்கறது"ன்னு சொன்னா, எந்த துப்பாக்கில சுட்டீங்கன்னு முதல்ல கேளுங்க.

மறைக்கறதுக்கு கஷ்டமானது கைப்பிடி நீளம், பேரல் நீளம் இல்ல. பேரல் பேண்ட்டுக்குள்ள போயிடும், கைப்பிடி தான் சட்டைய தூக்கிக் காட்டும். கைப்பிடி நீளம் எத்தனை குண்டு வேணும்ங்கறத பொறுத்தது. எப்பவும் குர்த்தா, சுடிதார் போடறவங்களுக்கு பெல்ட்டே இருக்காது, அவங்க முதல்ல ஹோல்ஸ்டர (துப்பாக்கி உறைய) எங்க மாட்டறதுன்னு முடிவு பண்ணிட்டு அப்பறம் துப்பாக்கி பாக்கறது நல்லது. எந்த ஹோல்ஸ்டரா இருந்தாலும் ட்ரிக்கர் முழுசா மூடியிருக்கணும், கைப்பைக்குள்ள சாவி, லிப்ஸ்டிக்கோட சும்மா போட்டு வைக்கறது கூடவே கூடாது.

ஆறாவது படி: ரேஞ்ச்ல வாடகைக்கு எடுத்து கைய கேளுங்க

பெரும்பாலான இன்டோர் ரேஞ்ச்ல வாடகை துப்பாக்கி இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி இந்த செலவு பண்ணியே ஆகணும். கண்ணாடி, காதுக்கு மஃப் ரெண்டும் கட்டாயம், இன்டோர்னா காதுக்குள்ள ஃபோம் பிளக்கும் வச்சு மேல மஃப் போடுங்க, புதுசா வர்றவங்க பயப்படறது பாதி சத்தத்துக்கு தான்.

முதல் சோதனை காலி துப்பாக்கில, கவுண்டர்லயே. ஸ்லைடு இழுத்துப் பாருங்க. இறுகிப்போன ஊறுகாய் பாட்டில் மூடிய திறக்கற மாதிரி விரல் நுனியால இழுக்கக்கூடாது. துப்பாக்கிய நெஞ்சுக்கு பக்கத்துல, முனை பாதுகாப்பான பக்கம் பாத்த மாதிரி வச்சு, இடது கை முழுசா ஸ்லைடு மேல கவிழ்த்து பிடிச்சு, ஸ்லைட அசையாம வச்சுக்கிட்டு வலது கையால துப்பாக்கிய முன்னாடி தள்ளுங்க. முடியலன்னு நினைச்ச நிறைய பேருக்கு இதுல முடிஞ்சிடும். அப்படியும் பத்து தடவ தொடர்ந்து முடியலன்னா அந்த துப்பாக்கி உங்களுக்கு வேண்டாம்.

ரெண்டாவது, 7 கஜ தூரத்துல, அதாவது 21 அடியில, எட்டு இன்ச் பேப்பர் தட்டு ஒண்ண ஒட்டுங்க. முதல்ல மெதுவா அஞ்சு. அப்பறம் "ஒண்ணு, ரெண்டு"ன்னு ஒரே தாளத்துல அஞ்சு, ரேஞ்ச் விதி அனுமதிக்கற வேகத்துல. மெதுவா சுடும்போது எந்த கேலிபர்லயும் தட்டுல படும், அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. தாளத்துல சுடும்போது தட்டுலயே நிக்குதா, வெளிய சிதறுதாங்கறது தான் கணக்கு. 9 எம்எம்ல தட்டுக்குள்ள இருந்தது .40ல வெளிய போகுதுன்னா உங்களுக்கு பதில் கிடைச்சிடுச்சு. ஒரு கையால மூணு நாலு சுட்டுப் பாருங்க, குழந்தைய இன்னொரு கையில தூக்கி வச்சிருக்கற நேரமும் வாழ்க்கையில வரும்.

மூணாவது சோதனைக்கு கூட ஒரு ஆள் வேணும். ஸ்னாப் கேப்னு வெடிக்காத டம்மி தோட்டா விக்கறாங்க. நண்பர்கிட்ட மேகசின குடுத்து, உங்களுக்கு தெரியாம நடுவுல ஒண்ணு ரெண்டு டம்மி போடச் சொல்லுங்க. நீங்க சுடச்சுட டம்மி வர்ற இடத்துல சத்தம் வராது, ஆனா துப்பாக்கி முனை குபுக்குனு கீழ தாழும். அடி வரப்போகுதுன்னு உடம்பு முன்கூட்டியே தள்ளுது, வலது கைக்காரங்களுக்கு குண்டெல்லாம் கீழ இடது பக்கம் போறதுக்கு காரணமும் பெரும்பாலும் அது தான். இது பயிற்சியில குறையும், ஆனா ஒரு கேலிபர்ல ரொம்ப தாழுது, இன்னொண்ணுல லேசா தான் தாழுதுன்னா கை உங்களுக்கு சொல்லிடுச்சு.

ஒரு டப்பா 50 குண்டு முடிஞ்சதும் இன்னொரு டப்பா வாங்கத் தோணுதா, போதும் வீட்டுக்கு போகலாம்னு தோணுதா, அதையும் கவனிங்க. சுடப் பிடிக்காத துப்பாக்கில யாரும் பயிற்சி எடுக்க மாட்டாங்க. பயிற்சி செலவும் இதுல சேர்ந்தது தான், .380, .38 தோட்டா பாக்க சின்னதா இருந்தாலும் 9 எம்எம்ம விட விலை அதிகம், வருஷக் கணக்குல பாத்தா அந்த வித்தியாசத்துல இன்னொரு துப்பாக்கியே வந்துடும்.

ஏழாவது படி: வீட்டுல வைக்கற இடம்

குழந்தை இருக்கற வீடுன்னா துப்பாக்கி வாங்கற அன்னைக்கே சின்ன லாக் பாக்ஸும் வாங்கிடுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்ங்கறது இல்ல. இடுப்புல இல்லாத நேரமெல்லாம் அது அதுக்குள்ள தான். அலமாரி மேல் தட்டு, புடவை அடுக்குக்கு நடுவுல, தலகாணிக்கு கீழ எல்லாம் குழந்தைங்களுக்கு நம்மள விட நல்லா தெரியும். காரவிட்டு இறங்கும்போது உள்ள விட்டுட்டு போறதும் வேண்டாம், அமெரிக்காவுல திருடு போற துப்பாக்கியில கார்லருந்து போறது ரொம்ப அதிகம். எல்லா துப்பாக்கியும் லோடு ஆனதுன்னு நினைச்சு நடத்தறது, எதை அழிக்க மனசில்லையோ அது பக்கம் முனைய காட்டாதது, சைட் இலக்குல வர்ற வரைக்கும் விரல் ட்ரிக்கர்ல போகாதது, இலக்கு என்ன அதுக்கு பின்னாடி என்னன்னு தெரிஞ்சு சுடறது, இந்த நாலு விதியும் கேலிபர் என்னவா இருந்தாலும் மாறாது.

எட்டாவது படி: கேரி தோட்டா

பயிற்சிக்கு எஃப்எம்ஜே, அதாவது முழுசா செம்பு போர்த்தின குண்டு. கேரிக்கு ஹாலோ பாயிண்ட், அது உள்ள போனதும் விரிஞ்சு வேகம் குறையும், தாண்டிப் போய் பின்னாடி இருக்கறவங்க மேல படற ஆபத்து கம்மி. 9 எம்எம்ல ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்ட் டாட் 124 இல்லனா 147 கிரெயின் எடுத்தா பெருசா யோசிக்க வேண்டாம். டப்பாவுல "+P" (பிளஸ் பி) போட்டிருந்தா பிரஷர் அதிகம்னு அர்த்தம், குட்டி துப்பாக்கியில அதுக்கு அவசியம் இல்ல, அடி தான் கூடும், பழைய ரிவால்வர்னா மேனுவல்ல அனுமதி இருக்கான்னு பாத்துட்டு தான் போடணும். .380ல மூணு இன்ச் பேரல்ல டெஸ்ட் பண்ண ரிசல்ட்ட பாத்து எடுங்க, நீள பேரல்ல வர்ற நம்பர் உங்க துப்பாக்கியில வராது.

டப்பா வாங்கினதும் லோடு பண்ணி கிளம்பிடாதீங்க. புது துப்பாக்கில முதல்ல சாதாரண தோட்டா 200 சுட்டு எங்கயும் மாட்டாம ஓடுதான்னு பாருங்க, அப்பறம் கேரி தோட்டா குறைஞ்சது ரெண்டு மேகசின் முழுசா. விலை அதிகம்னு இத விட்டுடாதீங்க, சில துப்பாக்கிக்கு சில ஹாலோ பாயிண்டோட வாய் அமைப்பு ஒத்துவராது, ஏறும்போது மாட்டிக்கும், அது தெரிய வேண்டிய இடம் ரேஞ்ச்.

தினமும் ராத்திரி துப்பாக்கிய காலி பண்ணி காலையில திரும்ப லோடு பண்றவங்க ஒண்ண கவனிக்கணும். அதே தோட்டாவ திரும்பத் திரும்ப சேம்பர்ல (சுடறதுக்கு தோட்டா உக்கார்ற அறையில) ஏத்தும்போது முனை இடிச்சு இடிச்சு குண்டு கேஸுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், உள்ள இடம் குறைஞ்சா பிரஷர் ஏறும், ஆபத்து. அதனால முடிஞ்சா லோடு பண்ணபடியே ஹோல்ஸ்டரோட லாக் பாக்ஸ்ல வைங்க. காலி பண்ணித்தான் ஆகணும்னா மேகசின்ல மேல இருக்கற தோட்டாவ மாத்தி மாத்தி வைங்க, அப்பப்ப டப்பாவுலருந்து புதுசு ஒண்ண எடுத்து பக்கத்துல நிறுத்தி உயரத்த பாருங்க. குட்டையா தெரியுதுன்னா அத சுடாதீங்க, ரேஞ்ச்ல பழுதான தோட்டா போடறதுக்கு தனியா ஒரு டப்பா வச்சிருப்பாங்க, அங்க இருக்கறவர்கிட்ட சொல்லிட்டு அதுல போட்டுடுங்க.